பாரம் சுமந்தவர்கள் பாடம் சொன்ன மலை

டார்ஜிலிங்கில் கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, பாரத்தை முதுகில் விட்டு நடக்கிறார்கள். பொகவந்தலாவையில் என் அப்பாயி நடந்ததும் அப்படித்தான். எவரெஸ்ட்டை நோக்கி முதல் பயணக்குழுக்கள் போனபோது ஷெர்பாக்கள் பெட்டிகளையும் கூடாரங்களையும் தூக்கிச் சென்றதும் தலைக்கயிற்றில்தான். சுமைக்கயிற்றைத் தலையில் மாட்டியிருந்த அந்த மனிதர்கள், உயிரைப் பிடித்து நிறுத்தும் கயிற்றை எப்படிக் கையில் எடுத்தார்கள், பிறகு எப்படி அதற்கு ஆசிரியர்களாகவே ஆனார்கள் என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன். பனியாற்றில் பத்திரமாக நடப்பது, பிளவுக்குள் விழுந்தவரை மேலே தூக்குவது என்ற தொழிலின் வரலாறு இது.

எங்கள் இலங்கையில் பனியாறு கிடையாது. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியா, அம்பேவலை பக்கம் துகள் உறைபனி விழும். விடியும்போது புல் வெளுத்திருக்கும். வெயில் ஏறியதும் தேயிலைத் தளிர் கருகிப்போகும். பனி என்று நான் கண்டது அவ்வளவுதான். இந்தியாவில் படித்த காலத்தில் டார்ஜிலிங்கிலுள்ள இமாலய மலையேற்ற நிறுவனத்தில் அடிப்படைப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். முடிச்சுகளைக் கற்கப் போன இடத்தில் இந்த வரலாறும் என்னைப் பிடித்துக்கொண்டது.

இரண்டு மலைகளையும் தேயிலைக்காக வெட்டித் திருத்தியது ஒரே ஆட்சி. டார்ஜிலிங்கை 1835இல் சிக்கிம் அரசரிடமிருந்து வாங்கினார்கள். 1850களில் அங்கே வணிகத் தோட்டங்கள் எழும்பின. இங்கே 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டார். கோப்பியை நோய் தின்று முடித்ததும் மலைகள் எல்லாம் தேயிலைக்கு மாறின. அங்கே காடு வெட்ட நேபாளத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். இங்கே வந்தவர்கள் நம் முன்னோர். கோப்பிக் காலத்தில் மன்னார்ப் பக்கம் கரையிறங்கி மாத்தளை வரை காட்டுவழியாக நடந்தவர்களில் எத்தனையோ பேர் பாதையிலேயே விழுந்தார்கள். அவர்களுக்கு நடுகல் கிடையாது. பொகவந்தலாவையின் புனித மரியாள் தேவாலயத்தில் 1879இல் இறந்த புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரூனின் கல்லறை இருக்கிறது. வெளிநாட்டார் தேடி வந்து பார்க்கிறார்கள். பெரிய கலைஞர், பார்க்கத்தான் வேண்டும். பெயரில்லாமல் போனவர்களையும் நினைக்க வேண்டும் என்பது மட்டுமே என் ஆதங்கம்.

ஷெர்பாக்கள் சோலுகும்புப் பகுதியிலிருந்து வேலை தேடி டார்ஜிலிங்குக்கு வந்தவர்கள். நேபாளம் அப்போது அந்நியருக்குக் கதவை அடைத்து வைத்திருந்தது. அதனால் 1921 முதல் பிரிட்டிஷ் எவரெஸ்ட் குழுக்கள் டார்ஜிலிங்கில் ஆள் சேர்த்து, திபெத்தைச் சுற்றிக்கொண்டு வடக்குப் பக்கமாகப் போயின. கயிறு கட்டுவது, பனியில் படி வெட்டுவது எல்லாம் துரைமார் அறிந்த வித்தை. சுமை தூக்குகிறவர்களுக்குப் போகிற வழியில் கொஞ்சம் காட்டிக் கொடுத்ததுதான் பயிற்சி.

1922 ஜூன் 7ஆம் திகதி. எவரெஸ்ட்டின் வடகணவாய்க்கு ஏறும் சரிவில் புதுப்பனி கனத்துக் கிடந்தது. மலோரி, சோமர்வெல், குரோஃபர்ட் என்ற மூன்று ஆங்கிலேயரும் 14 சுமைகாரரும் நான்கு கயிறுகளில் பிணைந்து ஏறினார்கள். சரிவு வெடித்துப் பெயர்ந்தது. மேலே இருந்தவர்கள் பனிக்குள் புதைந்தும் தட்டுத்தடுமாறி வெளியே வந்துவிட்டார்கள். கீழே வந்துகொண்டிருந்த ஒன்பது பேர் பனிச்சுவரின் விளிம்பைத் தாண்டி அடியிலிருந்த பிளவுக்குள் தள்ளப்பட்டார்கள். அவர்கள் மேல் பனி வந்து மூடியது. கையாலும் கோடரியாலும் தோண்டி இருவரை உயிரோடு எடுத்தார்கள். ஏழு பேர் இறந்துவிட்டார்கள். இறந்தவர்களை அங்கேயே இருக்க விடுங்கள் என்று உடனிருந்த சுமைகாரர்கள் கேட்டுக்கொண்டார்கள். அந்தப் பிளவே அவர்களுக்குப் புதைகுழி ஆனது. 1924இல் குளிர்கால ஒலிம்பிக்கில் அந்தப் பயணத்துக்கு வழங்கப்பட்ட மலையேற்றப் பதக்கத்தில் இந்த எழுவருக்கும் பங்கு இருந்தது. தோட்டத்துப் பிள்ளையாக எனக்கு அந்தச் செய்தி ஓரளவு ஆறுதல். முழு ஆறுதல் என்று சொல்ல மாட்டேன்.

அன்று கயிற்றில் இருந்த ஹோவார்ட் சோமர்வெல்லைத் தமிழர்கள் மறக்கக் கூடாது. அறுவை மருத்துவர். இறந்த எழுவரில் ஒரு வெள்ளையன்கூட இல்லையே என்ற எண்ணம் அவரை வெகுகாலம் உறுத்தியது. அந்தப் பயணம் முடிந்ததும் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டவர், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில் லண்டன் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நோயாளிகளின் கூட்டத்தையும், அத்தனை பேருக்கும் போதாத மருத்துவர்களையும் கண்டார். லண்டனில் காத்திருந்த பெரிய எதிர்காலத்தை விட்டுவிட்டு நெய்யூரிலேயே தங்க முடிவு செய்தார். பல பத்தாண்டுகள் அங்கே கத்தி பிடித்தார். பிறகு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் பணிபுரிந்தார்.

நடுவில் 1924இல் மறுபடியும் எவரெஸ்ட்டுக்குப் போனார். அந்த மே மாதம் வடகணவாயில் நான்கு சுமைகாரர்கள் தனியாக மாட்டிக்கொண்டார்கள். 1922இன் நினைவு எல்லோரையும் குத்தியது. நார்ட்டன், மலோரி, சோமர்வெல் மூவரும் உச்சியை ஒதுக்கி வைத்துவிட்டு அவர்களை இறக்கப் போனார்கள். ஆபத்தான சரிவைக் குறுக்காகக் கடந்தது சோமர்வெல். 200 அடிக் கயிறு அவரைப் பின்னாலிருந்து பிடித்திருந்தது. சுமைகாரர்களை எட்டச் சுமார் 10 கெஜம் இருக்கும்போது கயிறு தீர்ந்துபோனது. முதல் இருவர் ஒருவர்பின் ஒருவராக வந்து சேர்ந்தார்கள். மற்ற இருவரும் ஒன்றாகக் காலெடுத்து வைத்ததும் பனி சறுக்கியது. சிறிது தூரம் வழுக்கிப் பள்ளத்தின் விளிம்புக்கு மேலே எப்படியோ நின்றார்கள். சோமர்வெல் பனிக்கோடரியைப் பிடி வரை பனியில் குத்தினார். இடுப்பிலிருந்த கயிற்றை அவிழ்த்துக் கோடரியில் சுற்றினார். கயிற்றின் முனையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையை எட்டும் மட்டும் நீட்டி, இருவரையும் சட்டைக் கழுத்தில் பற்றி ஒவ்வொருவராக இழுத்தார். கோடரியை ஊன்றி, அதில் கயிற்றைக் கட்டி, பாரத்தை அதற்கு மாற்றிவிட்டு மனிதரை எடுப்பது: நான் பிற்காலத்தில் சிக்கிமின் ராத்தோங் பனியாற்றில் கற்ற பாடத்தின் முதுகெலும்பு இதுதான். நெய்யூர் டாக்டர் அதை விதிப்படி செய்யவில்லை. கயிற்றை அவிழ்ப்பது எந்தப் பாடத்திலும் கிடையாது. ஆனாலும் சுமைகாரனின் உயிருக்காக ஒருவர் தன் கயிற்றை அவிழ்த்தார் என்பதை வாசிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இந்த வித்தை பிறந்த இடம் ஆல்ப்ஸ். அங்கேயும் முதலில் செத்தவர்கள் கூலிக்கு வழிகாட்டியவர்கள்தான். 1820 ஓகஸ்டில் டாக்டர் ஹாமெல் என்பவரை மொன் பிளாங்க் மலைக்கு அழைத்துச் சென்றவர்களில் மூன்று பேரைப் பனிச்சரிவு பிளவுக்குள் தள்ளியது. அடுத்த ஆண்டே சமோனியில் வழிகாட்டிகள் சங்கம் அமைத்தார்கள். 40 ஆண்டு கழித்து, 1861இல், அந்த மூவரின் எச்சங்கள் பனியாற்றின் கீழ்முனையில் வெளிவரத் தொடங்கின. பனியாறு நகர்கிறது, விழுங்கியதைக் கீழே கொண்டுவந்து தரும் என்று ஸ்கொட்லாந்து அறிஞர் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் முன்பே கணித்திருந்தார்.

கயிற்றால் இணைந்தால் மட்டும் போதாது என்பது 1865 ஜூலை 14இல் மாட்டர்ஹார்ன் சிகரத்திலிருந்து இறங்கும்போது உறைத்தது. ஒருவர் வழுக்கினார், கயிறு அறுந்தது, நான்கு பேர் போனார்கள். சணல் கயிறு, மணிலாக் கயிறு என்று போன காலம் இரண்டாம் உலகப் போரையொட்டி நைலானுக்கு மாறியது. விழுகிறவரின் வேகத்தைக் கயிறே இழுபட்டு உள்வாங்க ஆரம்பித்தது அப்போதுதான்.

ஆனால் பிளவில் தொங்குகிறவரைப் பொறுத்தவரை இதையெல்லாம் விடப் பெரிய மாற்றம் ஒரு சிறிய முடிச்சில் இருந்தது. 1931இல் ஆஸ்திரியாக்காரர் கார்ல் புரூசிக் அதை வெளியிட்டார். பெரிய கயிற்றைச் சுற்றி மெல்லிய கயிற்று வளையம் ஒன்றை இரண்டு மூன்று சுற்று சுற்றிக் கட்டுவது. பாரம் இல்லாதபோது முடிச்சு மேலும் கீழும் வழுக்கி நகரும்; பாரம் விழுந்ததும் கயிற்றைக் கவ்விக்கொள்ளும். இப்படி இரண்டு வளையங்கள். ஒன்று இடுப்புக்கு, ஒன்று காலுக்கு. காலை மிதித்து எழுந்து இடுப்பு முடிச்சை மேலே தள்ளு. அதில் உட்கார்ந்து கால் முடிச்சை மேலே தள்ளு. மேலே யாருமே இழுக்காமல், தொங்குகிறவர் தானே ஏறி வரலாம். இடுப்பில் வெறும் கயிற்றைச் சுற்றிக் கட்டிய அந்தக் காலத்தில் தொங்குவதே மரணம். சில நிமிடங்களில் நெஞ்சு இறுகி மூச்சு நின்றுவிடும். தொடையையும் இடுப்பையும் சேர்த்துத் தாங்கும் ஹார்னஸ் பிற்பாடு வந்தது.

ஷெர்பாக்களின் கைக்கு இந்த அறிவு சிறிது சிறிதாக, வேலையின் ஊடாக வந்து சேர்ந்தது. டென்சிங் நோர்கே டார்ஜிலிங்கில் மாடு பார்த்து, பால் விற்றுப் பிழைத்தவர். 1933இல் வேலை கேட்டுக் கிடைக்காமல் 1935இல் சுமைகாரராகச் சேர்ந்தார். 1952இல் சுவிஸ் குழுவோடு நேபாளப் பக்கமாக எவரெஸ்ட்டுக்குப் போனார். கும்பு பனியருவியின் தலைமாட்டில் பாதையை முழுக்க அறுத்த ஒரு பெரும் பிளவை, ஆஸ்பர் என்ற இளைஞர் உள்ளே இறங்கி மறுசுவரில் ஏறிக் கடந்ததும், பிறகு கயிற்றுப் பாலம் கட்டிச் சுமைகளைக் கடத்தியதும் அந்தப் பயணத்தில்தான்.

அடுத்த ஆண்டு, 1953 ஏப்ரல் 26. டென்சிங்கும் ஹிலரியும் ஒரே கயிற்றில் பனியருவி வழியாக வேகமாக இறங்கினார்கள். முன்னால் போன ஹிலரி ஒரு பிளவைத் தாண்டிக் குதித்தார்; அவர் கால் வைத்த பனித்துண்டு பெயர்ந்து அவரோடு உள்ளே போனது. டென்சிங் கணமும் தாமதிக்காமல் கோடரியைப் பனியில் குத்தி, அதில் கயிற்றைச் சுற்றி இறுக்கினார். ஹிலரி தொங்கி நின்றார்; பிறகு ஏறி வந்தார். உச்சிக்கு இருவரையும் ஒரு சோடியாக அனுப்பலாம் என்ற நம்பிக்கைக்கு அந்த மாலையும் ஒரு காரணம். 1922இல் சுமைகாரர் விழுந்தார், துரை தோண்டினார். 1953இல் விழுந்தது வெள்ளைக்காரர். பிடித்தது சுமைகாரராகத் தொடங்கியவர். மே 29 அன்று உச்சியில் எடுத்த படத்தை உலகமே பார்த்தது. எனக்கு ஏப்ரல் 26தான் பெரிய நாள்.

அதன் பிறகு நடந்ததுதான் நம் மலைநாட்டுக்காரர்கள் நிதானமாக வாசிக்க வேண்டியது. நேருவும் மேற்கு வங்க முதலமைச்சர் பி. சி. ரோயும் முன்னின்று, 1954 நவம்பர் 4இல் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். முதல் முதல்வர் மேஜர் நரேந்திர தர் ஜயால். களப் பயிற்சிக்குப் பொறுப்பு டென்சிங். அதற்கு ஆயத்தமாக அந்த ஆண்டே டென்சிங்கையும் சில ஷெர்பாக்களையும் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பினார்கள். ரோசன்லாயில் ஆர்னோல்ட் கிளாட்ஹார்ட் நடத்திய பள்ளியில் அவர்கள் கற்றது மலையேறுவதை மட்டுமன்று, மலையேற்றத்தைக் கற்பிப்பதை. எந்த வரிசையில் முடிச்சைச் சொல்லித்தருவது, பயந்த மாணவனைப் பிளவின் விளிம்பில் எப்படி நிறுத்துவது என்பதெல்லாம் தனி அறிவு. நிறுவனம் முதலில் இயங்கியது ரோய் வில்லா என்ற வீட்டில். 1911இல் சகோதரி நிவேதிதா உயிர்விட்ட அதே வீடு.

இதே காலத்தில் இங்கே என்ன நடந்தது? 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நம்மவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த ஆண்டு வாக்கும் போனது. ஒரு தேயிலை மலையில் சுமை தூக்கியவரை அரசாங்கம் ஆசிரியராக்கி, கடவுச்சீட்டுக் கொடுத்து, வெளிநாட்டில் படிக்க அனுப்பியது. இன்னொரு தேயிலை மலையில் சுமை தூக்கியவர்களுக்கு நீ எந்த நாடு என்ற கேள்விதான் கிடைத்தது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. அதை மறைக்க வேண்டிய அவசியமில்லை.

டார்ஜிலிங் நிறுவனத்தின் பனியாற்றுப் பயிற்சி நடக்கும் இடம் மேற்கு சிக்கிம். யுக்சோமிலிருந்து நடந்து, சோகா, சோங்ரி தாண்டி, 14,600 அடி உயரத்தில் சௌரிக்காங் முகாம். அங்கிருந்து ராத்தோங் பனியாறு. எங்கள் பயிற்றுநரின் தாத்தா பயணக்குழுக்களுக்குப் பெட்டி சுமந்தவராம்.

பனியாறு ஏன் பிளக்கிறது என்பதிலிருந்து அவர் தொடங்கினார். அடியிலுள்ள பாறை மேடாகும் இடத்தில் மேல்பனி வளைய முடியாமல் வெடிக்கிறது. ஆழத்தில் அழுத்தம் அதிகம், பனி பிசைந்த மாவாக இளகி நகர்கிறது. அதனால் பிளவுகள் பெரும்பாலும் 30, 40 மீற்றருக்குக் கீழே போவதில்லை. விழுகிறவருக்கு அதுவே தாராளம். வாயை மூடியிருக்கும் பனிப்பாலம் விடியற்காலை இறுகியிருக்கும், நண்பகலில் தளரும். அதனால்தான் நள்ளிரவு தாண்டி எழுந்து நடக்கிறார்கள். கயிற்றில் பத்து மீற்றர் அளவு இடைவெளி விட்டு, கயிறு தொய்யாமல், சந்தேகமுள்ள இடத்தைக் கோலால் குத்திப் பார்த்து நடக்க வேண்டும். தொய்ந்த கயிறுதான் விழுகிறவரின் வேகத்தைக் கூட்டும். எங்களை அவர் அதிகம் அதட்டியதும் அதற்குத்தான்.

ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் அந்தக் கணமே குப்புற விழுந்து கோடரியின் அலகைப் பனியில் பதிக்க வேண்டும். பிறகு அவசரப்படக் கூடாது. ஒருவர் பாரத்தைப் பிடித்திருக்க, இன்னொருவர் குறுக்கே வாய்க்கால் வெட்டிக் கோடரியைப் படுக்கையாகப் புதைத்து, அதிலிருந்து வாரை எடுத்து, புரூசிக் முடிச்சால் கயிற்றைக் கவ்வி, பாரத்தை மெதுவாக அதற்கு மாற்றுகிறார். அடுத்தது ஊர்ந்துபோய் விளிம்பில் எட்டிப் பார்ப்பது, பேர் சொல்லிக் கூப்பிடுவது. விளிம்புப் பனிக்குள் கயிறு அறுத்து இறங்காமல் இருக்க அடியில் பையையோ கோடரிப் பிடியையோ கொடுப்பது. கடைசியில் கயிற்றை இரண்டு முறை மடக்கிக் கப்பி போட்டு இழுப்பது. மூன்று மீற்றர் இழுத்தால் ஒரு மீற்றர் ஏறும், ஆனால் மூன்றில் ஒரு பங்கு பலம் போதும். உராய்வு அதில் பாதியைத் தின்றுவிடும் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். என்னையும் உள்ளே இறக்கினார்கள். உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது, விரல் மரத்தது, ஈரமான கயிற்றில் முடிச்சு வழுக்கியபோது இன்னொரு சுற்றுப் போடச் சொல்லி மேலிருந்து குரல் வந்தது.

முகாம் முடிந்து அப்பாயிக்குத் தொலைபேசியில் இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "விழுந்தவனத் தூக்குறதுக்கும் பள்ளிக்கூடம் வச்சிருக்காங்களா?" என்றார். "சொல்லிக் குடுக்கிறவங்களும் கூடைக் கயித்த மாட்டினவங்க பரம்பரைதான் அப்பாயி" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நல்ல சம்பளம் குடுப்பாங்களே" என்று கேட்டார்.

அந்த நிறுவனத்தில் பயின்றவர்களில் ஜயந்தி குரு உதும்பாலவும் ஒருவர். 2016 மே 21இல் எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் இலங்கையர். அவரோடு போன ஜொஹான் பீரிஸ் அந்த முறை ஒட்சிசன் சிக்கலால் 8,400 மீற்றரில் திரும்பினார். 2018இல் போய்ச் சேர்ந்தார். 2023 மே மாதம் விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வி உச்சியேறினார். தமிழ்நாட்டிலிருந்து அதைச் செய்த முதல் பெண்.

பனியில் வேலைக்காகவே நிற்கும் தமிழர்களும் இருக்கிறார்கள். 2016 பெப்ரவரி 3இல் சியாச்சினில் ஏறத்தாழ 19,600 அடி உயரக் காவல்நிலையின் மேல் பனிச்சுவர் இடிந்து, மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19ஆம் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேரை மூடியது. தமிழ்நாட்டு வீரர்களும் அதில் இருந்தார்கள். ஆறு நாள் தோண்டிய பிறகு ஹனுமந்தப்பா கொப்பத் உயிரோடு கிடைத்தார். டில்லி மருத்துவமனையில் 11ஆம் திகதி இறந்தார்.

கற்றவர்களையும் மலை எடுத்துக்கொள்ளும். 2022 ஒக்டோபர் 4இல், உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனத்தின் உயர்நிலைப் பயிற்சிக் குழு திரௌபதி கா தண்டா சிகரத்தை நெருங்கியபோது பனிச்சரிவு அவர்களைப் பிளவுக்குள் தள்ளியது. 27 உடல்கள் கிடைத்தன; இருவரைக் காணவில்லை. பயிற்றுநர் சவிதா கன்ஸ்வால் அந்த மே மாதத்தில்தான் 16 நாள் இடைவெளியில் எவரெஸ்ட்டும் மகாலுவும் ஏறியிருந்தார். வடகணவாய் விபத்து நடந்து நூறு ஆண்டு. அன்று போலவே பனிச்சரிவு, அன்று போலவே பிளவு. ஆனால் இம்முறை ஆசிரியரும் மாணவரும் ஒரே கயிற்றில் இருந்தார்கள். எல்லோருடைய பெயரும் மறுநாள் முதல் பத்திரிகைகளில் வந்தது. கயிறும் கோடரியும் தெரிந்தால் போதாது, சரிவு எப்போது பெயரும் என்று படிக்கத் தெரிய வேண்டும் என்பதைப் பயிற்சிக்கூடங்கள் அதன்பின் இன்னும் அழுத்திச் சொல்கின்றன.

எங்கள் மலையில் பெயர்வது மண். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் காலையிலேயே புதைந்தன. மழைக்காலத்தில் பொகவந்தலாவையிலும் மேட்டு லயத்துச் சனங்கள் இரவில் உடுத்த உடையோடு படுப்பார்கள். அதனால் சனிக்கிழமைகளில் பாடசாலை முடிந்த பிள்ளைகள் சிலருக்கு மேட்டுச் சரிவில் கயிறு கட்டக் கற்றுக்கொடுக்கிறேன்: நங்கூரம் போடுவது, புரூசிக் முடிச்சு, வழுக்கும் சரிவில் முதியவரை இறக்குவது. முடிச்சை அவர்கள் என்னைவிட வேகமாகப் போடுகிறார்கள்; கவ்வாத்து மலையில் விறகு கட்டிப் பழகிய கைகள். இழுக்கும் பாடத்தை இன்னும் தொடங்கவில்லை. இரண்டு கப்பிகளும் 30 மீற்றர் நல்ல கயிறும் வேண்டும். கொழும்பில் விலை கேட்டு வைத்திருக்கிறேன்.